ஆசிட் ஊற்றிக் கெட்டுப்போன கல் தரையை மீட்பது எப்படி

2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையை எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி கரைபுரண்டு திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் வந்தது. எங்கள் அத்தை வீடு ஆற்றிலிருந்து ரொம்பத் தூரம் இல்லை. பட்டாசாலில், அதாவது கூடத்தில், முழங்கால் அளவு நின்ற தண்ணீர் வடிந்த பிறகு, வெள்ளை மார்பிள் முழுக்க ஒரு விரல் கனத்துக்குச் சேறு படிந்து கிடந்தது. வாரியலால் தள்ளி, குடம் குடமாக ஊற்றிக் கழுவியும் பழுப்பு போகவில்லை. பிளீச்சிங் பவுடரைத் தூவிப் பார்த்தோம். அதுவும் போதாதென்று பக்கத்து வீட்டிலிருந்த ஆசிட் பாட்டிலை வாங்கி வந்து ஊற்றினேன். சர்ரென்று நுரைத்தது, எல்லாரும் மூச்சு முட்டி இருமிக்கொண்டே வாசலுக்கு ஓடினோம், திரும்பி வந்து கழுவினால் பழுப்பு போயிருந்தது, அத்தைக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் தரை காய்ந்ததும் பார்த்தால், ஊற்றிய இடமெல்லாம் சாக்பீஸ் தேய்த்த மாதிரி வெளுத்துப் போய், மினுமினுப்பே இல்லாமல் வட்டம் வட்டமாகத் தெரிந்தது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அந்த வெளுப்பைக் கறை என்று நினைத்து எலுமிச்சம்பழம் தேய்த்தோம், டாய்லெட் கிளீனர் ஊற்றினோம், கம்பி நாரால் உரசினோம். இரண்டு நாளில் தரை சொரசொரவென்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள் வீடு, தெரிந்தவர்கள் வீடு என்று இப்படிக் கெட்ட தரை நிறையப் பார்த்துவிட்டேன், சிலவற்றை நானே உட்கார்ந்து சரிசெய்தும் இருக்கிறேன். எல்லா இடத்திலும் ஒரே கதைதான். முதல் நாள் ஊற்றியதில் வந்த கெடுதி கொஞ்சம், அதைப் போக்கப் பதறிப்போய் அடுத்தடுத்து ஊற்றியதில் வந்தது அதிகம். அதனால் இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் இப்போதுதான் அப்படி நடந்திருக்கிறது என்றால், கையில் எந்தப் பாட்டில் இருந்தாலும் கீழே வைத்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள்.

உடனே செய்ய வேண்டியது

ஜன்னல், கதவு எல்லாவற்றையும் திறந்து ஃபேனைப் போடுங்கள். பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் ஒன்றாகச் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அது நுரையீரலை அரிக்கிற விஷம். நாங்கள் அன்றைக்கு இருமிக்கொண்டு ஓடியது அதனால்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கண் எரிந்தாலோ நெஞ்சு அடைத்தாலோ தரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், எல்லாரும் வெளியே வந்துவிடுங்கள். இழுப்பு இருக்கிறவர்களையும் குழந்தைகளையும் அந்தப் பக்கமே விடக்கூடாது.

வாடை போன பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, தள்ளுகட்டையால் வாறுகாலுக்கு (சாக்கடைக்கு) தள்ளுங்கள். ஒரு முறை போதாது, மூன்று நான்கு முறையாவது வேண்டும். அப்புறம் ஒரு வாளித் தண்ணீரில் ஒரு கைப்பிடி ஆப்பச்சோடாவைக் கரைத்துத் தரையில் பரவலாக ஊற்றி, பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். எங்காவது குமிழ் வந்தால் அங்கே இன்னும் ஆசிட் இருக்கிறது. குமிழ் நிற்கும் வரை திரும்ப ஊற்றி, கடைசியில் நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவுங்கள். ஒரு விஷயம், இந்தச் சோடாத் தண்ணீர் ஏற்கெனவே வெளுத்த இடத்தைப் பளபளப்பாக்காது, மேற்கொண்டு அரிக்காமல் நிறுத்தும், அவ்வளவுதான். சோடாவைப் பொடியாகவே போட்டுத் தேய்க்கவும் வேண்டாம்.

கழுவுவதில் சோம்பல்பட்டால் என்ன ஆகும் என்பதை அத்தை வீட்டு அடுக்களை வாசலில் பார்த்தேன். ஆசிட்டும் சுண்ணாம்புக்கல்லும் சேர்ந்தால் கால்சியம் குளோரைடு என்ற உப்பு உண்டாகும், அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துத் தானே கரையும் குணமுள்ளது. சரியாகக் கழுவாத அந்த மூலை மட்டும் அடுத்த மழைக்காலம் வந்ததும் யாரோ தண்ணீர் கொட்டின மாதிரி கறுத்து, பிசுபிசுவென்று காலில் ஒட்டியது. துடைத்தால் போகும், சாயங்காலம் மறுபடி வந்துவிடும். நல்ல தண்ணீரை ஊற்றி ஊற்றித் தேங்கவிட்டு எடுத்து, மூன்று நாள் அப்படிச் செய்த பிறகுதான் நின்றது.

உங்கள் தரை எந்தக் கல்?

இது தெரியாமல் வைத்தியம் பார்க்கக் கூடாது. நம் ஊர் வீடுகளில் தரைக்கும் படிக்கும் மேடைக்கும் போடுகிற கற்களை இரண்டு வகையாகப் பிரித்துக்கொண்டால் போதும். மார்பிள், கடப்பா, கோட்டா மூன்றும் சுண்ணாம்பு இனம், அதாவது கால்சியம் கார்பனேட். திருநெல்வேலிக்குப் பக்கத்தில் தாழையூத்தில் 1949-ல் சிமெண்ட் ஆலை தொடங்கியதே, அங்கே வெட்டி எடுக்கிற சுண்ணாம்புக்கல்லுக்கும் ராஜஸ்தானிலிருந்து வந்து உங்கள் பூசை அறையில் கிடக்கும் மக்ரானா மார்பிளுக்கும் அடிப்படைப் பொருள் ஒன்றுதான். ஆசிட் பட்டால் இந்த இனம் நுரைத்துக் கரையும். ஹார்டுவேர் கடை ஆசிட்தான் என்றில்லை, டாய்லெட் கிளீனர் பலவற்றில் சுமார் 10 சதவீதம் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் இருக்கும், லேபிளைப் பாருங்கள். வினிகர், எலுமிச்சை, புளித்தண்ணீர், புளித்த மோர் எல்லாமே மெதுவாக அதே வேலையைச் செய்யும். மீன் கழுவிய மேடையில் புளியைத் தேய்ப்பது நம் வீடுகளில் பழக்கம், கடப்பா மேடை என்றால் அதை விட்டுவிட வேண்டும்.

இன்னொரு வகை கிரானைட். இதில் பெரும்பாலும் சிலிக்கா சேர்ந்த கடினமான கனிமங்கள், சாதாரண ஆசிட்டுக்கு எளிதில் மசியாது. நெல்லையப்பர் கோவில் கருங்கல் எத்தனை எண்ணெயையும் எலுமிச்சம்பழ விளக்கையும் பார்த்திருக்கும், கல் அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு மார்பிளும் கல்தானே, தாங்கும் என்று நினைப்பதில்தான் தப்பு நடக்கிறது.

சந்தேகம் இருந்தால் பீரோவுக்கு அடியில், கண்ணில் படாத மூலையில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு ஐந்து நிமிடம் கழித்துக் கழுவித் துடைத்துப் பாருங்கள். மங்கிய வட்டம் விழுந்தால் சுண்ணாம்பு இனம். கத்தி முனையால் லேசாகக் கீறியும் பார்க்கலாம், மார்பிளிலும் கடப்பாவிலும் கோடு விழும், கிரானைட்டில் விழாது.

கறையா, அரிப்பா?

எங்களைக் காப்பாற்றியது பாலிஷ் போட வந்த ஒரு பெரியவர். வந்ததும் மெஷினை இறக்கவில்லை. ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டு வாங்கி, வெளுத்த வட்டத்தின் மேல் ஊற்றிவிட்டு, பக்கத்திலேயே குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். "தம்பி, இங்க வந்து பாரு" என்றார். வட்டம் இருந்த இடமே தெரியவில்லை, புதுத்தரை மாதிரி மின்னியது. ஃபேன் காற்றில் ஓரத்திலிருந்து ஈரம் உலர உலர, வெள்ளை மறுபடி ஓரத்திலிருந்து உள்ளே ஏறி வந்து, கடைசி ஈரப்பொட்டு காய்ந்ததும் பழைய வட்டம் முழுசாக நின்றது. "நனைஞ்சா மறையுதுன்னா கல்லு அரிச்சிருக்கு. நனைஞ்ச பிறகும் நின்னா அதுதான் கறை. அரிப்பை ஊத்திப் போக்க முடியாது, தேய்ச்சுத்தான் எடுக்கணும்" என்றார்.

இதற்குக் காரணம் இருக்கிறது. மார்பிளின் பளபளப்பு மேலே பூசியது இல்லை, கல்லையே கண்ணாடி மாதிரி சமமாகத் தேய்த்ததால் வருவது. ஆசிட் அந்தச் சமத்தைத் தின்று கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம் ஆக்கிவிடுகிறது. வெளிச்சம் நேராகத் திரும்பாமல் சிதறுவதால் வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீர் அந்தப் பள்ளங்களை நிரப்பும்போது தற்காலிகமாக மறைகிறது. இதன் மேல் வார்னிஷ், மெழுகு, தேங்காய் எண்ணெய் என்று எதைத் தடவினாலும் அந்தத் தண்ணீர் செய்த வேலையைத்தான் அது கொஞ்ச நாளைக்குச் செய்யும்.

அடுத்து, ஈரத்தைத் துடைத்துவிட்டு நகத்தை வட்டத்தின் ஓரத்தில் ஓட்டிப் பாருங்கள். வழுவழுவென்றே இருந்து பார்வைக்கு மட்டும் மங்கல் என்றால் லேசான அரிப்பு, பாலிஷ் பவுடரில் சரியாகும். நகம் சொரசொரவென்று தடுக்கினால் வைரத்தூள் பதித்த தேய்ப்புத் தட்டு, அதாவது டைமண்ட் பேட் வேண்டும். தொட்டாலே குழி தெரிகிறது, இரண்டு கல்லின் ஓரங்கள் மேலும் கீழுமாக நிற்கின்றன என்றால் மெஷினோடு ஆள் வரட்டும், நீங்கள் கை வைக்காதீர்கள்.

லேசான அரிப்புக்குப் பவுடர்

மொசைக் தரை போட்ட காலத்திலிருந்தே நம் கொத்தனார்களுக்குத் தெரிந்த பொருள்தான், ஆக்ஸாலிக் பவுடர். மார்பிள் பாலிஷ் பவுடர் என்று டப்பாவில் வருவதிலும் பெரும்பாலும் இதுவோ டின் ஆக்சைடோ இரண்டும் கலந்ததோ இருக்கும். ஆசிட்தான் கெடுத்தது, அப்புறம் ஆக்ஸாலிக் ஆசிட்டையே ஏன் போட வேண்டும் என்று அத்தை கேட்டார், நியாயமான கேள்வி. ஹைட்ரோகுளோரிக் ஆசிட் கல்லோடு சேர்ந்து உண்டாக்கும் உப்பு தண்ணீரில் கரைந்து ஓடிவிடும், அதனால் கல் குறைந்துகொண்டே போகும். ஆக்ஸாலிக் உண்டாக்கும் கால்சியம் ஆக்ஸலேட் தண்ணீரில் கரையாது. மெல்லிய படலமாகக் கல்லின் மேலேயே தங்கும், தேய்க்கத் தேய்க்க அது இறுகி மின்னும்.

தரையைச் சுத்தமாகத் துடைத்து, மணல் ஒரு துகள் கூட இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கையுறை கட்டாயம், முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள், இந்தப் பவுடர் வயிற்றுக்குள் போனால் விஷம், பார்க்க உப்பு மாதிரியே இருப்பதால் அடுக்களையில் வைக்கவே கூடாது. மொசைக் தரைக்கான அரசு வேலை விவரக்குறிப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 33 கிராம் என்று ஒரு கணக்கு உண்டு, அதாவது கொஞ்சமே போதும். தூவி, தண்ணீர் தெளித்துக் குழைத்து, ஃபெல்ட் துணியாலோ பழைய கனத்த கம்பளித் துணியாலோ ஒரே இடத்தில் அழுத்தி வட்டமாகத் தேய்க்க வேண்டும். உள்ளங்கை அகலத்துக்கு நான்கைந்து நிமிடம் பிடிக்கும். காயவிடாதீர்கள், காய்ந்தால் வெள்ளைப் புகை மாதிரி படியும். கழுவித் துடைத்துப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் இன்னொரு முறை. மூன்று முறை செய்தும் மாற்றம் இல்லை என்றால் அரிப்பு ஆழம், பவுடரை வீணாக்க வேண்டாம்.

ஆழமான அரிப்புக்கு டைமண்ட் பேட்

இந்த வேலைக்குத்தான் பொறுமை வேண்டும். பேட்டுகளில் 50, 100, 200, 400, 800, 1500, 3000 என்று எண் இருக்கும், எண் கூடக் கூட நயம் கூடும். ஒரு சாண் அகல வட்டத்துக்குக் கையில் பிடிக்கும் பேட்டே போதும். 50, 100 எல்லாம் குழி விழுந்த தரைக்கு, ஆசிட் அரிப்புக்கு நான் 200-ல் தொடங்குகிறேன், சில இடத்தில் 400-லேயே. அதற்குக் கீழே போனால் அரிப்பை விடப் பேட் போடும் கீறல் ஆழமாகிவிடும்.

ஒரு எண்ணைக் கூடத் தாவக் கூடாது. 200 போட்ட கீறலை 400-தான் எடுக்கும், 400 போட்டதை 800. இடையில் ஒன்றை விட்டுவிட்டு 3000-க்குப் போனால் மேலே மின்னும், சாய்ந்து பார்த்தால் உள்ளே கோடு கோடாக நிற்கும். ஒரு எண்ணுக்கு வடக்கு தெற்காகத் தேய்த்தால் அடுத்த எண்ணுக்குக் கிழக்கு மேற்காகத் தேய்ப்பது என் வழக்கம், பழைய கீறல் போய்விட்டதா என்று கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு எண் முடிந்ததும் அந்தப் பாலை முழுசாகக் கழுவித் துடைக்க வேண்டும், முந்தைய பேட்டின் ஒரு துகள் மிஞ்சினாலும் கோடு போட்டுவிடும். பால் என்று சொல்வது தேய்க்கும்போது வரும் வெள்ளைக் கலங்கலை, நீர்மோர் மாதிரி இருக்கும், அது காய்ந்தால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். எப்போதும் ஈரத்திலேயே தேய்க்க வேண்டும். உலரத் தேய்த்தால் வருகிற தூசி நுரையீரலுக்குக் கெடுதி, கிரானைட் தூசி அதிலும் மோசம்.

எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்க்க நான் டியூப்லைட்டை வைத்துக்கொள்கிறேன். அத்தை வீட்டுப் பட்டாசாலில் தரையோடு கன்னத்தை வைத்துப் படுத்துப் பார்ப்பேன். 200 முடிந்தபோது டியூப்லைட்டின் நிழலே இல்லை, தரை ஒரே பால்வெள்ளை. 400-ல் வெள்ளையாக ஒரு மங்கல். 800-ல் அது நீளமாகத் திரண்டது, ஓரம் மட்டும் கலைந்திருந்தது. 1500 முடிந்து துடைத்தபோது ஓரம் நேராக வந்துவிட்டது, 3000-க்குப் பிறகு டியூப்பின் இரண்டு முனையிலும் இருக்கும் கறுப்பு கூடத் தரையில் தெரிந்தது. கடைசியாக மேலே சொன்ன பவுடரால் ஒரு முறை தேய்த்தேன். அந்த ஒரு வட்டத்துக்கு ஒரு முழு மதியம் ஆனது.

தேய்க்கும்போது வட்டத்தோடு நிறுத்தாமல் சுற்றிலும் ஒரு சாண் தள்ளி வரைக்கும் கையைப் பரப்பித் தேய்க்க வேண்டும். ஒரே இடத்தில் அமுக்கினால் கிண்ணம் மாதிரி குழிந்து, அதில் வெளிச்சம் வளைந்து தெரியும்.

பெரிய இடம் என்றால் மெஷின். ஆங்கிள் கிரைண்டர் வீட்டில் கிடக்கிறதே, பேட்டை அதில் மாட்டலாம் என்று நினைக்காதீர்கள். சாதாரண ஆங்கிள் கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும், பேட் கருகிவிடும், கல்லும் சூட்டில் கறுக்கும், தண்ணீரோடு அதைக் கையில் பிடிப்பது உயிருக்கு ஆபத்து. வேகத்தைக் குறைக்க வசதியுள்ள, தண்ணீர்க் குழாய் கொடுக்கிற வெட் பாலிஷர் வேறு. அதற்கும் கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற ஆர்சிசிபி வைத்த லைனிலிருந்துதான் கரண்ட் எடுக்க வேண்டும். ஆள் வைத்துச் செய்வதென்றால் விலை பேசுவதற்கு முன் எந்த எண்ணில் தொடங்கி எந்த எண் வரை போவீர்கள் என்று கேளுங்கள். நேராக மெழுகு போட்டுப் பளபளப்பாக்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கல் பாலை வாறுகாலில் ஊற்றவும் விடாதீர்கள், குழாய்க்குள் படிந்து இறுகும். வாளியில் தெளியவிட்டு மேல் தண்ணீரை மட்டும் கொட்டி, அடியில் படிந்ததை அள்ளிக் குப்பையில் போடலாம்.

கடப்பாவும் மற்றவையும்

கடப்பா கறுப்பாக இருப்பதால் அரிப்பு அதிகமாக உறுத்தும், ஆசிட் பட்ட இடம் சாம்பல் பூசின மாதிரி ஆகிவிடும். வைத்தியம் மார்பிளுக்குச் சொன்னதுதான், ஆனால் இது அடுக்கடுக்கான கல் என்பதால் ஏற்கெனவே செதில் விடுகிற இடத்தில் பேட்டை அழுத்தினால் இன்னும் பெயரும், அங்கே கை லேசாக இருக்கட்டும். 800 வரை போனாலே பழைய கறுப்பு பெரும்பாலும் திரும்பிவிடும். தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. தடவிய அன்றைக்குக் கறுப்பு நன்றாகத்தான் இருக்கும், ஒரு வாரத்தில் தூசி ஒட்டிப் பிசுக்காகிச் சிக்கு வாடை வரும். கறுப்பு கூட வேண்டுமானால் கல்லுக்குள் ஊறி நிறத்தைக் கூட்டுகிற சீலர் விற்கிறது, அதைப் போடலாம்.

மொசைக் தரையில் மார்பிள் சில்லும் சிமெண்டும் இரண்டுமே ஆசிட்டுக்குக் கரையும். மெஷின் பாலிஷுக்கு நன்றாகத் திரும்பி வரும், கார்போரண்டம் என்ற தேய்க்கும் கல்லில் 60-ம் எண்ணில் தொடங்கி, 120, அப்புறம் 320 என்று போகிற பழைய முறையே போதும். சிவப்பு ஆக்சைடு தரை கல்லே இல்லை, நிறம் கலந்த சிமெண்ட், நிறம் மேலே மெல்லிசாகத்தான் இருக்கும், அதைத் தேய்க்காதீர்கள், அடியிலிருக்கும் சாம்பல் நிறம் வெளியே வந்துவிடும்.

கிரானைட் மங்கியிருந்தால் முக்கால்வாசி நேரம் கல் கெடவில்லை, பினாயிலும் சோப்பும் படிந்த படலம்தான். வெந்நீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு நீர் விட்டுத் தேய்த்துக் கழுவி உலர்த்தினாலே தெரிந்துவிடும். சில கிரானைட்டில் ஆசிட் பட்ட பிறகு கல்லிலுள்ள இரும்பு துருப்பிடித்து மஞ்சள் புள்ளிகள் வரும். ஒன்றுக்கு மட்டும் கிரானைட்டும் தாங்காது, ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட். சில துரு நீக்கிகளில் அது இருக்கும், தோலில் பட்டால் எலும்பு வரை போகிற ஆசிட், லேபிளில் அந்தப் பெயரைப் பார்த்தால் வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள்.

நனைந்தும் மறையாத கறைகள்

பூசை அறையில் விளக்கெண்ணெய், நல்லெண்ணெய் இறங்கிக் கறுத்த இடத்துக்குப் பற்று போட வேண்டும். சாக் பவுடரையோ வெள்ளைக் களிமண் பொடியையோ அசிட்டோனில் இட்லி மாவை விடக் கெட்டியாகக் குழைத்து, கறையைவிட ஒரு விரல் அகலம் அதிகமாக அப்பி, மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அப்புறம் தாளை எடுத்துவிட்டு முழுசாகக் காயவிடுங்கள், காயும்போதுதான் எண்ணெய் மேலே ஏறி மாவுக்குள் வரும், பாதியில் சுரண்டிவிட்டால் பலன் இல்லை. அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், அந்த இரண்டு நாளும் பூசை அறையில் விளக்கேற்றக் கூடாது, அத்தையைச் சம்மதிக்க வைக்க அதுதான் பெரும்பாடாக இருந்தது.

மஞ்சள் கறை சோப்புத் தண்ணீர் பட்டதும் குங்குமச் சிவப்பாக மாறும். பயப்பட வேண்டாம், மஞ்சளின் குணம் அது. ஹைட்ரஜன் பெராக்சைடில் அதே மாதிரி பற்று போடலாம், வெயில் விழுகிற இடம் என்றால் சும்மா விட்டாலே நாளடைவில் மங்கிவிடும். பீரோ கால், கேஸ் சிலிண்டர் வளையம் விட்ட துருவுக்கு மார்பிளில் ஆசிட் துரு நீக்கி போடவே கூடாது. ஆசிட் இல்லாத வகை உண்டு, துருவைத் தொட்டதும் ஊதா நிறமாக மாறும், அதைக் கேட்டு வாங்குங்கள்.

சீலர்

தேய்த்து முடித்ததும் அவசரப்பட்டுச் சீலர் அடிக்காதீர்கள். குறைந்தது இரண்டு மூன்று நாள், ஐப்பசி கார்த்திகை என்றால் அதற்கு மேலும் காய வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே மாட்டிய ஈரம் மேகம் மாதிரி தெரியும். கல்லின் மேல் படலம் போடும் பளபள சீலர் வேண்டாம், உள்ளே ஊறும் வகையைக் கேளுங்கள். மெல்லிசாகத் தடவி, கல் குடித்தது போக மிச்சத்தைப் பதினைந்து நிமிடத்துக்குள் துடைத்து எடுத்துவிட வேண்டும், டப்பாவில் வேறு நேரம் போட்டிருந்தால் அதன்படி. இது எண்ணெயும் காப்பியும் இறங்குவதைத் தடுக்கும், ஆசிட் அரிப்பைத் தடுக்காது. சீலர் போட்ட தரைதானே என்று எலுமிச்சை பிழிந்தால் வட்டம் விழத்தான் செய்யும்.

ஆசிட் தின்றது கல்லை மட்டும் இல்லை, ஜாயின்ட்டுகளையும்தான். சீலருக்கு முன்பே அவற்றைக் குச்சியால் சுரண்டிப் பார்த்து, பொடியாக உதிர்ந்தால் புதிதாக அடைத்துவிடுங்கள். அங்கேதான் தண்ணீர் இறங்கிக் கல் தூக்கும்.

தினமும் துடைக்க

வெறும் தண்ணீரும் வாரத்தில் இரண்டு நாள் காரமும் அமிலமும் இல்லாத சோப்பும் போதும், ஒரு வாளிக்கு ஒரு மூடி. ராதாபுரம், வள்ளியூர் பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருக்கிற வீடுகளில் அதில் துடைத்துவிட்டு அப்படியே காயவிட்டால் வெள்ளைப் படலம் வரும், உடனே அதற்கு வினிகர் என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஆற்றுத் தண்ணீர்க் குழாயில் ஒரு வாளி பிடித்து அதில் துடையுங்கள், இல்லையென்றால் துடைத்ததும் உலர்ந்த துணியால் ஈரத்தை எடுத்துவிடுங்கள்.

ஆடிக்காற்றில் வீட்டுக்குள் வருகிற மண்ணும் சாதாரணமில்லை. திசையன்விளை பக்கத்துத் தேரி மண், அதாவது செம்மணல் என்றால் கேட்கவே வேண்டாம். மணல் என்பது குவார்ட்ஸ், கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் 7, மார்பிள் 3, நடக்க நடக்க அந்த மணலே தரையைத் தேய்த்துக்கொண்டிருக்கும். வாசலுக்கு வெளியே ஒரு தேங்காய் நார் மிதியடி, உள்ளே ஒரு துணி மிதியடி, காற்றுக்காலத்தில் காலையும் மாலையும் பெருக்கல்.

புது வீடு கட்டுகிறவர்களுக்கு ஒன்று. பால் காய்ப்புக்கு முந்தின நாள் சிமெண்ட் கறையைக் கழுவ வேலையாட்கள் ஆசிட் கேனோடு வருவார்கள். டைல்ஸ் போட்ட அறையில் கொஞ்சமாகத் தண்ணீர் கலந்து கழுவினாலும், பக்கத்து அறையில் மார்பிள் இருந்தால் அந்தத் தண்ணீர் ஓடி வாசற்படியில் நிற்கும், புகை கூடக் குழாய்களைத் துருப்பிடிக்க வைத்துவிடும். கல் போட்ட அறைகளில் மரத்துண்டாலோ பிளாஸ்டிக் சுரண்டியாலோ சிமெண்டைச் சுரண்டச் சொல்லிவிட்டு, அது முடிகிற வரை நீங்கள் கூடவே நில்லுங்கள்.

மிச்சமிருக்கிற ஆசிட் பாட்டிலை வைத்தே ஆக வேண்டுமென்றால், மேலே பெயர் எழுதி, மூடியை இறுக்கி, கழிப்பறைப் பக்கம் குழந்தைகள் கைக்கு எட்டாத தனி இடத்தில் வையுங்கள். பிளீச்சிங் பவுடர் டப்பா அந்த அலமாரியிலேயே இருக்கக் கூடாது. அத்தை வீட்டில் இப்போது பிளீச்சிங் பவுடர் மட்டும் இருக்கிறது, ஆசிட் இல்லை. பட்டாசால் முழுக்கத் திரும்பி வந்துவிட்டது. அடுக்களை வாசலில் அந்த ஒரு மூலைக் கடப்பா மட்டும் செதில் விட்டுப் பெயர்ந்துவிட்டதால், அடுத்த கோடைக்கு அதை எடுத்துவிட்டு வேறு கல் பதிப்பதாக இருக்கிறோம்.